ஃபுருசாத்தோ நோஸெய்: இல்லாத சொந்த ஊருக்கு ஏழு வருடமாக வரி கட்டுகிறேன்

போன டிசம்பரில் எங்கள் வீட்டு வாசலில் 96 ரோல் கழிவறைத் தாள் வந்து இறங்கியது. டோக்கியோவின் நிஷிகசாயில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறை கொண்ட அபார்ட்மெண்ட். கூரியர்க்காரர் பெட்டியை இறக்கிவிட்டு உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று அடுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் (கணவர்தான்) கேட்டார்: "என்னம்மா இது, கடை வைக்கப் போறியா?"

கடை இல்லை. ஷிசுவோகா மாகாணத்தின் ஃபுஜி நகராட்சி எனக்கு அனுப்பிய நன்றிப் பரிசு. காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது. நான் வரி கட்டினேன், அவர்கள் தாள் அனுப்பினார்கள்.

ஃபுருசாத்தோ என்றால் சொந்த ஊர், நோஸெய் என்றால் வரி கட்டுவது. இந்தப் பெயரில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஊர் உங்கள் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. ஜப்பானில் நீங்கள் கால் வைக்காத ஊராகக்கூட இருக்கலாம். கட்டுவதும் சட்டப்படி வரி இல்லை, நன்கொடை. அந்த நன்கொடையில் 2,000 யென் போக மீதி முழுவதும் உங்கள் வரியில் கழிந்துவிடும், உங்கள் வருமானத்துக்கு உண்டான வரம்பைத் தாண்டாத வரைக்கும். என் விஷயத்தில் சொன்னால், அடுத்த ஆண்டு நான் குடியிருக்கும் எதோகாவா வார்டுக்கும் டோக்கியோவுக்கும் கட்டவேண்டிய வசிப்பிட வரியில் ஒரு துண்டை இப்போதே வேறு ஊருக்குக் கட்டிவிடுகிறேன். இதனால் வரி ஒரு யென்கூடக் குறைவதில்லை. உண்மையில் 2,000 கூடத்தான் போகிறது. லாபம் முழுக்க வாசலுக்கு வரும் பெட்டியில் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது மேல்மாடி அக்கா. 2018 டிசம்பர். "வருஷா வருஷம் இத்தனை வரி கட்டுறியே, பதிலுக்கு ஒரு கிலோ வெங்காயமாவது வாங்கியிருக்கியாடி?" என்று கேட்டாள். வாங்கியதில்லை. அன்றைக்கு ராத்திரியே கைப்பேசியில் உட்கார்ந்து ஆவாஜித் தீவு வெங்காயம் பத்து கிலோ போட்டேன். இப்படித்தான் ஆரம்பித்தது.

வரம்பு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையும் சார்ந்தவராகக் காட்டாத தனியாள், ஆண்டுச் சம்பளம் 50 லட்சம் யென் என்றால் ஏறக்குறைய 61,000 யென் வரைக்கும் போகலாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைச் சார்ந்தவர்களாகக் காட்டியிருக்கிறீர்கள் என்றால் இது இறங்கும். நம் ஆட்கள் பலர் இதைக் கவனிக்காமல் இணையத்தில் கிடைத்த அட்டவணையை மட்டும் பார்த்து அதிகமாகக் கட்டிவிடுகிறார்கள். வரம்பைத் தாண்டியது தாண்டியதுதான், அது நிஜமாகவே நன்கொடை. நான் ஒவ்வொரு வருடமும் கணக்குப் போட்டு, அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கட்டுகிறேன்.

இன்னொன்று, நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு முக்கியமானது. வசிப்பிட வரி ஜனவரி 1 அன்று நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்களோ அந்த ஊருக்குப் போகிறது. வருடம் முடிவதற்குள் ஜப்பானை விட்டு மொத்தமாகக் கிளம்புவதாக இருந்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கு அந்த வரியே கிடையாது. கழிக்க வரி இல்லாதபோது, பரிசின் மதிப்பு நன்கொடையில் 30 சதவீதத்தைத் தாண்டாது என்பதால், பரிசாக வரும் மெலன் பழத்தை அதன் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினதாக ஆகிவிடும்.

சரி, ஊர்களையும் பரிசுகளையும் பட்டியல் போட்டுப் பணம் வாங்கும் இணையதளங்களின் சேவை எப்படி? தேடிப் பணம் கட்டுவது வரைக்கும் அருமை. பத்து நிமிட வேலை. தகராறு எல்லாம் பெயரில்தான் வந்தது. என் பெயர் ஒற்றைச் சொல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஆனால் நான் பயன்படுத்திய தளத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இட்ட பெயருக்கு ஒரு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் நகர விடவில்லை. அப்பா பெயரைப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு சிற்றூர் அலுவலகத்திலிருந்து போன். வார்டு பதிவில் இருக்கும் பெயரும் என் படிவத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லையாம். எதிர்முனையில் இருந்த அம்மாள் மிகப் பொறுமையாக என் பெயரை, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகானா எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், "இது நீங்கள், அது உங்கள் அப்பா, சரிதானே?" என்றார். சரி என்றேன். "அப்பாவுக்கும் எங்கள் வணக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். இந்த ஏழு வருடத்தில் ஒரு நகராட்சி என்னிடம் மனிதர் மாதிரிப் பேசியது அந்த ஒரு தடவைதான், அதனால் ஐந்தில் ஒரு நட்சத்திரம் அந்த அம்மாளுக்கே.

வெங்காயம் வந்த பெட்டியில் அனுப்புநர் இடத்தில் மினாமி ஆவாஜி நகராட்சி என்று இருந்தது. தெற்கு ஆவாஜி. இது என்ன ஊர் என்று பார்க்கப் போய்த்தான் எனக்கு இந்த நாட்டின் உள்ளாட்சிக் கதையில் கிறுக்கு பிடித்தது. அப்படி ஓர் ஊரே 2005 வரை கிடையாது. நான்கு சிற்றூர்களை ஒன்றாக்கி வைத்த பெயர் அது. ஜப்பானில் 1999-ல் 3,232 நகர, ஊர் மன்றங்கள் இருந்தன, இப்போது 1,718. சின்ன ஊர்களால் செலவைத் தாங்க முடியவில்லை, அரசாங்கம் சலுகை காட்டி இணையச் சொன்னது. இணைந்த ஊர்களின் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். யாமனாஷியில் ஆறு ஊர்கள் சேர்ந்து 2003-ல் மினாமி ஆல்ப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டன. ஆமாம், அந்த ஆல்ப்ஸின் பெயரேதான், அங்கே இருக்கும் மலைத்தொடருக்கு வைத்தது, கதகானாவில். ஆறு பேரில் யாருடைய பெயரை வைத்தாலும் மீதி ஐந்து பேருக்கும் கோபம் வரும், அதனால் ஐரோப்பா வரை போய்விட்டார்கள் என்பது என் ஊகம். அங்கிருந்து வந்த பீச் பழத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தத் திட்டம் யாருடைய மூளை? 2006-ல் ஃபுகுய் மாகாண ஆளுநராக இருந்த நிஷிகாவா இஸ்ஸெய் முன்வைத்த யோசனையில் இதன் வேர் இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்து, தடுப்பூசி போட்டு, பதினெட்டு வயது வரை படிக்க வைப்பது கிராமப்புற மாகாணம். படித்து முடித்ததும் பிள்ளை டோக்கியோவுக்கோ ஒசாகாவுக்கோ போய் வேலை பார்த்து வரியை அங்கே கட்டுகிறது. வளர்த்த ஊருக்கு என்ன மிச்சம்? நியாயமான கேள்வி. அப்போது உள்விவகாரத் துறை அமைச்சராக இருந்த சுகா யோஷிஹிதே இதைக் கையில் எடுத்தார். 2008-ல் நடைமுறைக்கு வந்தது. சுகாவே அகிதா மாகாணத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பள்ளி முடித்து டோக்கியோ வந்தவர். அப்புறம் யோகோஹாமா நகர்மன்ற உறுப்பினராகி, அங்கிருந்தே நாடாளுமன்றம் போய், 2020-ல் பிரதமரும் ஆனார். இன்றைக்கு இந்தத் திட்டத்தால் நாட்டிலேயே அதிகமாக வரி இழக்கும் ஊர் எது தெரியுமா? யோகோஹாமாதான். ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி யென். தன்னை அனுப்பி வைத்த ஊரின் பையிலிருந்து எடுத்துத் தன்னைப் பெற்ற ஊர் போன்றவற்றுக்குக் கொடுத்திருக்கிறார். இதை நன்றி என்பதா துரோகம் என்பதா என்று யோகோஹாமாக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

தலைநகரத்துக்கும் ஊர்களுக்கும் இடையில் பணம் யார் கையில் என்ற இந்த இழுபறி சுகா காலத்தில் தொடங்கியதல்ல. 1871-ல் மெய்ஜி அரசு நூற்றுக்கணக்கான பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகளை ஒரே ஆணையில் ஒழித்து மாகாணங்களாக்கியது. அதற்குப் பிறகு 76 வருடம் மாகாண ஆளுநர் என்பவர் டோக்கியோவிலிருந்து அனுப்பப்படும் அதிகாரி. 1947-ல்தான் மக்கள் ஓட்டுப் போட்டு ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள்; உள்ளாட்சிச் சட்டமும் புதிய அரசியலமைப்பும் ஒரே நாளில், மே 3 அன்று, அமலுக்கு வந்தன. ஓட்டு வந்தது, பணம் வரவில்லை. 'முப்பது சத தன்னாட்சி' என்று இங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு. ஊர்களின் வருமானத்தில் சொந்த வரி முப்பது சதவீதம்தான், மீதிக்கு டோக்கியோவைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும் என்று பொருள். ஆகவே நல்ல அரசியல்வாதி என்றால் டோக்கியோவிலிருந்து பணம் கொண்டுவருபவர். பனி கொட்டும் நீகாதா மாகாணத்திலிருந்து வந்து பிரதமராகவும் இருந்த தனாகா ககுவே இந்தக் கலையில் பெரிய வித்வான். 1982-ல் அங்கே புல்லட் ரயில் போய்ச் சேர்ந்ததில் அவர் கை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். 1988-ல் பிரதமர் தகேஷிதா நொபோரு ஒரு படி மேலே போய், அநேகமாக எல்லா ஊர்களுக்கும் தலா 10 கோடி யென், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கொடுத்தார். ஆவாஜித் தீவில் இருந்த த்சுனா என்ற சிற்றூர் அந்தப் பணத்தை வைத்து 63 கிலோ தங்கக் கட்டி ஒன்றை வரவழைத்துப் பார்வைக்கு வைத்தது. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த கதை. என் வெங்காயம் வந்த அதே தீவு.

அந்தப் பழைய ஏற்பாட்டில் ஊர்த் தலைவர்கள் அமைச்சர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். இப்போது என் கைப்பேசித் திரையில் காத்துக் கிடக்கிறார்கள்: ஹொக்கைதோ ஸ்காலப் சிப்பிக்குப் பக்கத்தில் மியாசாகி மாட்டிறைச்சி, அதற்குப் பக்கத்தில் நீகாதா அரிசி. படம் பெரிதாக, ஊர் பெயர் கீழே பொடி எழுத்தில். தரவரிசை, அதிரடிச் சலுகை என்று சந்தைக்கடை இரைச்சல். ஆரம்பித்த வருடம் நாடு முழுக்க 814 கோடி யென் வந்த இடத்தில் 2023 நிதியாண்டில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அத்தனை பேரும் சொந்த ஊர்ப் பாசத்தில் கட்டினார்கள் என்று யாரும் நம்பவில்லை.

இந்த இரைச்சலில் வென்ற ஊர்களில் இஸுமிசானோவின் கதையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஒசாகாவுக்குத் தெற்கே, கன்சாய் விமான நிலையத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். 1994-ல் விமான நிலையம் வந்தபோது ஊரே பொன்னாகப் போகிறது என்று கடன் வாங்கிக் கட்டடங்கள் கட்டினார்கள். பொன்னாகவில்லை, கடன் நின்றது. 2012-ல் நகரத்தின் பெயரைச் சூட்டும் உரிமையையே விற்கப் போட்டார்கள். வாங்க ஆள் வரவில்லை. அப்புறம் ஃபுருசாத்தோ நோஸெயைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் விளைவது துண்டும் வெங்காயமும்தான் என்பதால் வெளியூர்ச் சரக்கையும் பட்டியலில் ஏற்றினார்கள், கடைசியில் அமேசான் பரிசு அட்டையையே மேலே போட்டுக் கொடுத்தார்கள். 2018 நிதியாண்டில் அந்த ஒரே ஊருக்கு 4,975 கோடி யென். நாடு முழுக்க வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! மத்திய அரசு சட்டத்தை மாற்றியது: பரிசின் மதிப்பு நன்கொடையில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உள்ளூர்ப் பொருளாக இருக்க வேண்டும், கட்டுப்படும் ஊர்களுக்கு மட்டுமே அனுமதி. கூடவே, முன்பு செய்ததைக் காரணம் காட்டி இஸுமிசானோவை வெளியே தள்ளியது. ஊர் நீதிமன்றம் போனது. 2020 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்பு சொன்னது; சட்டம் வருவதற்கு முன் செய்ததற்காக ஒதுக்க முடியாது என்று. அவர்கள் செய்தது அழகான வேலை இல்லைதான். ஆனாலும் ஒரு சின்ன நகராட்சி மத்திய அரசை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துப் போய் ஜெயித்த செய்தியை அன்றைக்கு நான் இரண்டு தடவை படித்தேன்.

என் சொந்தச் சொதப்பலுக்கு வருகிறேன். படிப்பவர்களுக்கு உண்மையில் பயன்படப்போவது இதுதான்.

வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத சம்பளக்காரர்கள் இந்தக் கழிவைப் பெற 'ஒன் ஸ்டாப்' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. ஆண்டுக்கு ஐந்து ஊர்கள் வரைக்கும் மட்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படிவம், அது அடுத்த ஜனவரி 10-க்குள் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் அடையாள நகல் எடுத்து, ஒட்டி, தபாலில் போடுவேன். இப்போது மை நம்பர் என்ற அடையாள எண் அட்டையைக் கைப்பேசியில் வைத்தால் பல ஊர்களுக்கு முடிந்துவிடுகிறது. 2020-ல் நான்கு ஊர்களுக்கு 42,000 யென் கட்டி, நான்கு படிவத்தையும் சமர்த்தாக அனுப்பிவிட்டேன். அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். மருத்துவச் செலவு அதிகமாகிவிட்டதால் அதைக் கழிக்க அடுத்த பிப்ரவரியில் நானே வரிக் கணக்குத் தாக்கல் செய்தேன். அதில் நன்கொடைகளைக் குறிப்பிடவில்லை, அதற்குத்தான் ஒன் ஸ்டாப் போட்டாயிற்றே என்ற நினைப்பு. தாக்கல் செய்த அந்த நொடியில் நான்கு படிவமும் செல்லாமல் போய்விட்டன. அதுதான் விதி. ஒன் ஸ்டாப் என்பது தாக்கல் செய்யாதவர்களுக்கு மட்டும்.

ஜூன் மாதம் அலுவலகத்தில் ஒரு நீளத் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், வசிப்பிட வரி அறிவிப்பு. மடித்து ஒட்டியிருக்கும், ஓரத்தைப் பிய்த்துத் திறக்க வேண்டும், எழுத்து எறும்பு அளவு. பெரும்பாலானவர்கள் திறப்பதே இல்லை. தயவுசெய்து திறந்து, நன்கொடைக் கழிவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒன் ஸ்டாப் ஒழுங்காகப் போயிருந்தால் 42,000-க்கு 2,000 போக 40,000 யென் கழிந்திருக்க வேண்டும். எங்கள் மாதிரி டோக்கியோ வார்டுக்காரர்களுக்கு அதில் 24,000 வார்டு வரியிலும் 16,000 டோக்கியோ வரியிலும், ஒன்றிரண்டு யென் முன்னே பின்னே. என் சீட்டில் அந்தப் பணம் எங்கேயும் இல்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு தடவை பார்த்தேன், ஐந்தாவது தடவையும் இல்லை. நல்லவேளை, திருத்தக் கோரிக்கை என்று ஒன்று உண்டு, ஐந்து வருடத்துக்குள் கேட்கலாம். நான்கு ஊர் ரசீதுகளையும் தேடி எடுத்து வரி அலுவலகத்தில் கொடுத்தேன். கொஞ்சம் வருமான வரியில், மீதி வசிப்பிட வரியில் என்று திரும்பி வந்தது. ரசீதைக் குப்பையில் போட்டிருந்தால் கதை வேறு.

பொருள்களைப் பற்றி: என் வீட்டில் நான் சைவம், மற்ற இருவரும் மீன் சாப்பிடுவார்கள். எனவே ஸ்காலப் வந்த வருடம் என் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டு முழுக்க ஹொக்கைதோ. இங்கே வாடகை வீட்டுக் குளிர்பெட்டியில் அந்தத் தட்டு ஒரு டிபன் கேரியர் அளவுதான், மறந்துவிடாதீர்கள். அரிசிதான் என் முதல் சிபாரிசு. 2025-ல் கடையில் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டி விற்றபோது முன்பே பதிவு செய்து வைத்திருந்த பை வந்து சேர்ந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஜப்பான் அரிசி குழைந்துவிடும், சாம்பாருக்கு ஒட்டாது. தயிர்சாதத்துக்கு அதை மிஞ்ச ஒன்று இல்லை. ஸ்ட்ராபெர்ரி மட்டும் ஒரு தடவை நசுங்கி, பாதி சாறாக வந்தது. ஊர் பெயர் வேண்டாம். ஊர் அலுவலகத்துக்குத்தான் பேசுகிறேன் என்று நினைத்து எண்ணைச் சுழற்றினால் எடுத்தது வேறெங்கோ இருக்கும் ஒப்பந்த நிறுவனம். ஊர் அவர்களிடம் விட்டிருக்கிறது, அவர்கள் விவசாயியிடம் கேட்கிறார்கள், விவசாயி படம் கேட்கிறார். படம் அனுப்பினேன். மறுபடி வந்தது, ஆனால் ஒரு மாதம் கழித்து, சின்னப் பழங்களாக.

இதற்கெல்லாம் யார் காசு என்று பார்த்தால் மனசு சங்கடப்படும். 10,000 யென் கட்டினால் 3,000 வரை பரிசுக்கு. பரிசோடு சேர்த்து அஞ்சல், தளத்தின் கட்டணம், படிவ வேலை எல்லாம் பாதிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஊர் கையில் நிற்பது 5,000 அல்லது அதைவிடச் சற்று அதிகம். மீதிப் பாதி வரிப்பணம் அட்டைப்பெட்டியாகவும் விளம்பரமாகவும் போகிறது. தளங்கள் இதன் மேல் சலுகைப் புள்ளிகள் வேறு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரிலிருந்து அதைத் தடை செய்துவிட்டார்கள். அக்காவுக்கு அதில் பெரிய வருத்தம், எனக்கு இல்லை.

இழப்பது யார்? நான்தான், என் வார்டுதான். மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு இப்படிப் போன வரியில் 75 சதவீதத்தை மத்திய அரசு வேறு நிதியில் ஈடுகட்டிவிடுகிறது. டோக்கியோவின் 23 வார்டுகளுக்கு அது கிடையாது, பணக்கார இடம் என்று கணக்கு. இந்த வார்டுகளின் கதையே தனி. 1943-ல் போர்க்காலத்தில் டோக்கியோ நகராட்சியை ஒழித்து மாகாணத்தோடு கரைத்தார்கள்; 1947-ல் வார்டு மேயர்களுக்குத் தேர்தல் வந்தது, 1952-ல் பிடுங்கிக்கொண்டார்கள், 1975-ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2000-ல்தான் முறையான உள்ளாட்சி என்ற தகுதியே கிடைத்தது. இவ்வளவு போராடி வாங்கிய வார்டுதான் என் மகளின் காப்பகத்தை நடத்தப் பணம் தருகிறது, பூங்காவில் சறுக்குமரம் வைக்கிறது. நான் அதன் பங்கை எடுத்துக் கழிவறைத் தாளாக மாற்றியிருக்கிறேன். காப்பக வாசலில் மகளை விடும்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் இது கொஞ்சம் உறுத்தும், ஜூலையில் பீச் வந்ததும் மறந்துவிடும்.

ஆனாலும் நான் நிறுத்தாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, பழம் இல்லை. பணம் கட்டும் பக்கத்தின் கடைசியில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம்? குழந்தைகள், முதியோர், காடு, பேருந்து என்று பட்டியல். கடைசி வரியில் பெரும்பாலும் 'மேயரின் விருப்பப்படி'. பரிசைப் பார்க்க வந்தவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. உள்ளாட்சித் தேர்தலிலும் வெளிநாட்டவருக்கு ஓட்டு இல்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம், நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குச் சட்டம் இயற்றிக் கொடுப்பதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்ற அளவுக்குச் சொல்லியும், அப்படி ஒரு சட்டம் வரவில்லை. வரி மட்டும் மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இந்த நாட்டில் என் காசு எதற்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்கும் ஒரே காகிதம் இந்தப் படிவம். அதனால் மேயர் விருப்பத்துக்கு ஒரு தடவைகூட நான் விட்டதில்லை.

அப்படிக் கட்டம் தட்டிய ஊர்களில் ஒன்று ஹொக்கைதோவின் யூபாரி. நிலக்கரிச் சுரங்க ஊர். 1960-ல் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் பேர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, கடைசிச் சுரங்கம் 1990-ல். நடுவில் நகராட்சி கடன் வாங்கி அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா என்று சுற்றுலாவில் இறங்கியது. குறுகிய காலக் கடனை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு உருட்டி ஓட்டையை மறைத்தார்கள். 2006-ல் வெளியே வந்தது. 2007-ல் மத்திய அரசின் மேற்பார்வைக்குப் போனது. அடைக்க வேண்டிய கடன் 3,530 கோடி யென். பதினெட்டுப் பேர் இருந்த மன்றம் ஒன்பதானது, தொடக்கப் பள்ளி ஒன்று, நடுநிலைப் பள்ளி ஒன்று. உதவிக்கு என்று டோக்கியோவிலிருந்து அனுப்பப்பட்ட சுசுகி நவோமிச்சி என்ற இளம் அரசு ஊழியர் வேலையை விட்டுவிட்டு 2011-ல் முப்பது வயதில் அங்கேயே மேயரானார். 2019-ல் ஹொக்கைதோவுக்கே ஆளுநரானார். அதே 2019 மே மாதம், சப்போரோ சந்தையில் அந்தப் பருவத்தின் முதல் யூபாரி மெலன் ஜோடி 50 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. திவாலான ஊரின் இரண்டு பழங்கள்!

ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் அங்கே போனோம். ஊருக்குள் போகும் ரயில் தடத்தை 2019-லேயே மூடிவிட்டார்கள், வீட்டுக்காரர் விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரை ஓட்டினார். மலைக்கு நடுவே ஒரு நீளமான தெரு, பாதிக் கடைகளுக்கு ஷட்டர். மூடிய பள்ளி ஒன்றின் மைதானத்தில் இடுப்பளவு புல். சாலையோரக் கடையில் ஒரு பாட்டி அரைவட்டமாக வெட்டிய மெலனை மகள் கையில் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். டோக்கியோ என்றோம். "ஃபுருசாத்தோ நோஸெயா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் தலையாட்டினேன். குழந்தைகள் என்ற கட்டத்தைத் தட்டியதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

2024 ஜனவரி 1-ல் நோத்தோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது இதே தளத்தில் பரிசு எதுவும் இல்லாமல் கட்ட ஒரு வழி வைத்தார்கள். இடிந்து கிடக்கும் ஊர் அலுவலகம் ரசீது எழுதிக்கொண்டிருக்க முடியாது அல்லவா, அதனால் வேறு ஊர் ஒன்று அவர்களுக்குப் பதிலாகப் பணத்தை வாங்கி, காகித வேலையைத் தானே செய்துவிடுகிறது. கட்டினேன். பெட்டி எதுவும் வரவில்லை. ரசீது வந்தது, ஒருபோதும் கேள்விப்படாத ஓர் ஊரின் முத்திரையோடு.

மதிப்பெண் என்றால், ஐந்துக்கு: பொருளுக்கு நான்கு, தளத்துக்கு இரண்டு, காகித வேலைக்கு இரண்டரை. டிசம்பர் கடைசி வாரம் வரை இழுக்காமல் அக்டோபரில் முடியுங்கள், பழத்துக்குப் பருவம் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், ஐந்தாவது ஊரோடு நிறுத்துங்கள்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் எனக்கு இந்த வருட வரம்பில் இன்னும் 9,000 யென் மிச்சம் கிடக்கிறது. 31-ம் தேதி நள்ளிரவு வரைதான் நேரம். மகள் ஸ்ட்ராபெர்ரி என்கிறாள். அக்கா அரிசி என்கிறாள். வீட்டுக்காரர் எது வந்தாலும் சரி என்கிறார். கட்டிலுக்கு அடியில் இன்னும் முப்பத்தெட்டு ரோல் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.